மைலோ டின்னில் மல்லித்தூள்

அப்பாவின் முதலாம் ஆண்டுத் திதி மேருவில் அத்தை வீட்டில் நடந்தது. படையல் முடிந்து எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சுட்டியைப் போட்டேன். அப்பா எழுதிய இருபத்திரண்டு சிறுகதைகள். அவருடைய பழைய கணினியிலிருந்து எடுத்து, இரண்டு மாதம் இரவில் உட்கார்ந்து, சின்னதாக ஒரு இணையதளம் செய்திருந்தேன். அத்தை கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு திறந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்னா தம்பி இது, பூச்சி பூச்சியா இருக்கு? உங்கப்பா எந்த பாஷையில எழுதுனாரு?"

வாங்கிப் பார்த்தேன். தலைக்கு மேல் சாய்ந்த கோடு போட்ட ஆங்கில 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்'. திரை முழுக்க இந்த இரண்டும்தான் திரும்பத் திரும்ப. என் மடிக்கணினியில் எல்லாம் அழகான தமிழாக இருந்தது. சோற்றில் ரசத்தை ஊற்றிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அன்றிரவுதான் விஷயம் பிடிபட்டது. ஒரு கோப்பை அனுப்பும்போது சர்வர் அதன் முன்னால் 'கன்டென்ட்-டைப்' என்று ஒரு வரியை வைக்கிறது. இது படமா, பாட்டா, எழுத்தா, எழுத்தென்றால் எந்தக் குறியீட்டு முறை என்று சொல்லும் வரி. நான் இடம் வாடகைக்கு எடுத்திருந்த சர்வர், எல்லா எழுத்துக் கோப்புக்கும் 'ஐஎஸ்ஓ-8859-1' என்று ஒட்டி அனுப்பிக்கொண்டிருந்தது. அது மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான தொகுதி. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். உயிரெழுத்தும் மெய்வரிசையும் எல்லாமே ஒரே இரண்டு பைட்டில் தொடங்கும். அவற்றை ஐரோப்பிய எழுத்தாக வாசித்தால் அந்த 'ஏ'யும் அந்த 'ஆர்'உம்தான் வரும்.

அத்தை வீட்டுச் சமையலறையில் மைலோ டின்னில் மல்லித்தூள் இருக்கும். எது எங்கே என்று அவருக்குத் தெரியும். புதிதாக வந்த மருமகள் டின்னை நம்பி பாலில் கலந்துவிடுவாள். பிரவுசர் அந்த மருமகள் மாதிரி. வலைப்பக்கத்துக்குள்ளேயே 'நான் யூடிஎஃப்-8' என்று எழுதி வைத்திருந்தாலும், சர்வர் ஒட்டிய சீட்டு வேறு மாதிரி சொன்னால் சீட்டைத்தான் நம்பும். என்னுடையவை வெறும் எழுத்துக் கோப்புகள். உள்ளே எழுதிவைக்க இடமே கிடையாது. சீட்டு ஒன்றுதான் கதி.

அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தேன்: ஆட்கேர்செட் யூடிஎஃப்-8 .டிஎக்ஸ்டி. பதினான்கு கதைகள் உடனே தமிழுக்குத் திரும்பின. எட்டு திரும்பவில்லை.

அந்த எட்டும் 2001-க்கு முன்னால் எழுதியவை. அப்பா முரசு அஞ்சலில் தட்டியவை. நம்மூர் முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய மென்பொருள் அது. யூனிகோடு பரவாத அந்தக் காலத்தில் தமிழுக்குப் பல குறியீட்டு முறைகள். ஒன்றில் எழுதியதை இன்னொன்றின் எழுத்துருவில் திறந்தால் குப்பை. திஸ்கியில் செய்த வலைப்பக்கங்களுக்குச் சரியான சீட்டே கிடையாது; 'யூசர் டிஃபைன்ட்', அதாவது பயனரே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒட்டி அனுப்பினார்கள். 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தபோது அப்பா ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போனார். வந்து, "எல்லாம் ஒண்ணாயிரும்லா" என்றார். எனக்கு அப்போது பதினோரு வயது. எது ஒன்றாகும் என்று கேட்கவில்லை.

எட்டில் ஆறை மாற்றியில் போட்டு மீட்டேன். மீதி இரண்டில் வெறும் கேள்விக்குறிகள். வரிவரியாக, பத்தி பிரித்து, இடையிடையே முற்றுப்புள்ளியோடு கேள்விக்குறிகள். அது சர்வர் செய்த தப்பு இல்லை. முதல் வாரத்தில் நான்தான் ஏதோ ஒரு கருவியில் திறந்து, நகல் எடுக்காமல், அப்படியே சேமித்திருக்கிறேன். தனக்குத் தெரியாத எழுத்தையெல்லாம் அது கேள்விக்குறியாக்கி எழுதிவிட்டது. சீட்டு தப்பாக இருந்தால் பொருள் உள்ளே பத்திரமாக இருக்கும், சீட்டை மாற்றிக்கொள்ளலாம். இங்கே பொருளே போய்விட்டது. பழைய கணினியை அதற்குள் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்தாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு மேருவுக்குப் போய் அத்தையிடம் சொன்னேன். கோப்பின் பெயரைக் கேட்டார். 'பால்மரம்' என்றேன்.

"அது எனக்குத் தெரியும். எங்கம்மா கதை அது. விடியக்காலையில மங்கு தொடைக்கப் போறப்ப என்னைய முதுகுல கட்டிக்கிட்டுப் போவாங்க. அதத்தான் எழுதுனாரு."

"முடிவு என்னா அத்தை?"

நெடுநேரம் யோசித்தார். "மறந்துபோச்சுப்பா. நேசன்ல வந்துச்சு. தேடிப் பாரு."

தமிழ் நேசன் 2019-இல் நின்றுவிட்டது. எந்த ஆண்டு, எந்த ஞாயிறு என்று அத்தைக்கு நினைவில்லை. தேசிய நூலகத்தில் கேட்டுப் பார்க்க இந்த வாரம் ஒரு நாள் லீவு போட்டிருக்கிறேன். தளத்தில் அந்த இரண்டு கதைகளின் தலைப்பை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.