அளவெடுத்துத் தைத்த சட்டை

குழந்தைகளுக்கு வீட்டிலேயே துணி தைத்துப் போடுவது நகரத்து நடுத்தர வர்க்கத்துக்கு இன்று ஒரு நல்ல பொழுதுபோக்கு. கவுன் வெட்டுவது எப்படி, கழுத்து திருப்புவது எப்படி என்று யூடியூபில் ஆயிரம் காணொளிகள் இருக்கின்றன. நான் சொல்ல வருவது வேறொரு தையல். விழுப்புரம், திண்டிவனம் பக்கம் காலனிகளுக்குக் களப்பணிக்குப் போகும்போது, வாசற்படி ஓரமாக வெளிச்சம் விழும் இடம் பார்த்துப் போட்டிருக்கும் தையல் மிஷின்களைப் பார்க்கிறேன். அதில் உட்கார்ந்து பிள்ளைகளின் துணி தைக்கும் பெண்களோடு பேசுகிறேன். அவர்கள் பேச்சில் அடிக்கடி வரும் ஒரு சொல் 'அளவு'. அந்தச் சொல்லுக்கு நம் மக்களிடம் ஒரு வரலாறு உண்டு.

திண்டிவனத்தை அடுத்த ஒரு காலனியில் எழுபது வயதைக் கடந்த அம்மா ஒருவர் என்னிடம் சொன்னார்: "எங்களுக்கெல்லாம் ஏது கண்ணு அளவு? ஊர்ல குடுக்கறத போட்டுக்கணும். பெருசா இருந்தா முடிச்சு போட்டுக்குவோம். சின்னதா இருந்தா தங்கச்சிக்குப் போயிடும்." பொங்கலுக்கும் அறுவடைக்கும் ஆண்டை வீட்டில் கிடைக்கும் பழைய துணிதான் அன்று சேரிப் பிள்ளைகளின் புதுத்துணி. இதை ஏழ்மை என்று மட்டும் சொல்லிக் கடந்துபோக முடியாது. ஏழை எல்லாச் சாதியிலும் இருந்தான். ஆனால் இன்னொருவன் கழித்துப் போட்டதைத்தான் உன் பிள்ளை உடுத்த வேண்டும் என்ற விதி நமக்கு மட்டும்தான் இருந்தது.

விதி என்று நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் வட்டாரத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர் மீது 8 தடைகளை விதித்தார்கள். ஜே.எச். ஹட்டன் தன் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது, சட்டையோ பனியனோ போடக் கூடாது, பெண்கள் ரவிக்கை அணியக் கூடாது, தங்கம், வெள்ளி நகை கூடாது, குடை, செருப்பு கூடாது. அடுத்த ஆண்டு தடைகள் 11 ஆயின. பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பதும் அதில் ஒன்று. துணியும் படிப்பும் ஒரே தடைப்பட்டியலில் வந்ததைக் கவனியுங்கள். உடலை மூடுகிற துணி, எழுத்தைத் தருகிற பள்ளி, இந்த இரண்டுமே சாதிக்கு ஆகாதவை.

நல்ல துணி போட்டுவிட்டால் சாதி போய்விடுமா? போகாது. இதை அண்ணல் அம்பேத்கர் சிறுவனாக இருந்தபோதே அனுபவித்தார். 1901இல், வெளியூரில் வேலையிலிருந்த தந்தையைப் பார்க்க, உடன்பிறந்தவர், உறவுப் பிள்ளைகளோடு சதாராவிலிருந்து மசூருக்கு ரயிலில் போகிறார். அந்தப் பயணத்துக்காகவே புதுச்சட்டை, கரை போட்ட வேட்டி, அலங்காரத் தொப்பி, புதுச்செருப்பு எல்லாம் வாங்கித் தந்திருந்தார்கள். துணியைப் பார்த்த ஸ்டேஷன் மாஸ்டர் அவர்களை நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் என்று நினைத்து அன்பாக விசாரிக்கிறார். மகர் என்று தெரிந்ததும் முகம் மாறி விலகிப் போகிறார். இரட்டிப்புக் கூலி தருவதாகச் சொன்ன பிறகுதான் ஒரு வண்டிக்காரர் சம்மதித்தார். அதுவும் பிள்ளைகளே வண்டியை ஓட்டிக்கொள்ள வேண்டும், அவர் கூடவே நடந்து வருவார் என்ற நிபந்தனையில்.

இவ்வளவும் பட்டவர்தான் 1927இல் மகத்தில் நம் பெண்களைப் பார்த்து, சாதியைக் காட்டிக்கொடுக்கும் பழைய உடுப்பு முறையை விட்டுவிடுங்கள், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்றார். துணி சாதியை ஒழிக்காது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் 'நீ இப்படித்தான் இருக்க வேண்டும்' என்று அடுத்தவன் போட்ட விதியை உடைக்கும் முதல் இடம் நம் உடம்புதான் என்பதும் அவருக்குத் தெரியும்.

இந்தப் பின்னணியோடுதான் நான் அந்த மிஷின்களைப் பார்க்கிறேன். ஒரு தாய் தன் மகளை நிற்கவைத்து டேப் பிடித்துத் தோள், மார்பு, உயரம் என்று குறிக்கிறாள். வளரும் பிள்ளை என்பதால் பாவாடையின் கீழ்மடிப்பில் கூடுதலாகத் துணி விடுகிறாள். பக்கத் தையலிலும் பிரித்து விட இடம் வைக்கிறாள். அடுத்த ஆண்டும் அந்தத் துணி பிள்ளைக்கு ஆக வேண்டுமே! பழைய நூல்சேலையில் கைக்குழந்தைக்குச் சட்டை, கடைத்தெருவில் வாங்கிய வெட்டுத்துணியில் கவுன் என்று எதுவும் வீணாவதில்லை. பிள்ளைக்கென்று அளவெடுப்பது, நீ யாருடைய மிச்சமும் இல்லை என்று அதற்குச் சொல்வது.

இதே பெண்களின் உழைப்பில்தான் அரசுப் பள்ளிச் சீருடையும் நிற்கிறது. சத்துணவு சாப்பிடும் 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2012-13 முதல் ஆண்டுக்கு 4 இணைச் சீருடை தரப்படுகிறது. சமூக நலத்துறையின் கீழுள்ள மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள், வெட்டிய துணியை வாங்கிப்போய் வீட்டில் தைத்துத் திருப்பித் தருகிறார்கள். நல்ல திட்டம். சேரிப் பிள்ளைக்கும் ஊர்ப் பிள்ளைக்கும் ஒரே நிறத்தில் ஒரே துணி. ஆனால் உடம்பு ஒரே அளவில் இருப்பதில்லை. இடுப்பில் ஊக்கு குத்திய கால்சட்டையோடும், தோளில் இருந்து வழுக்கி விழும் சட்டையோடும் பள்ளிக்கு வரும் பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன். வீட்டில் மிஷின் இருந்தால் அன்று இரவே பிடித்துத் தைத்துவிடுவார்கள். இல்லாத வீட்டுப் பிள்ளை ஆண்டு முழுக்க ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி ஓடுகிறது. அது விளையாட்டில் முன்னால் வராது, மேடையில் ஏறாது.

மிஷின் எல்லா வீட்டிலும் ஏன் இல்லை? தமிழக அரசின் இலவசத் தையல் இயந்திரத் திட்டம் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இருக்கிறது. நம் மக்களுக்காகப் பேசியவர், அமைச்சராக இருந்தவர். தாழ்த்தப்பட்டோர் புறக்கணிக்கப்படுகிறார்கள் என்று சொல்லி 1974இல் தி.மு.க.வை விட்டு வெளியேறித் தனிக்கட்சி கண்டவர். 1979இல் மத்திய அமைச்சரானவர். அவர் பெயரிலான திட்டத்துக்கு விண்ணப்பிக்கத் தையல் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும், வயது 40க்குள் இருக்க வேண்டும். அம்மாவிடமோ அத்தையிடமோ பார்த்துப் பழகி இருபது ஆண்டாகத் தைக்கும் பெண்ணிடம் சான்றிதழ் எங்கே இருக்கும்? கணவனை இழந்து 45 வயதில் மிஷின் கேட்பவள் எங்கே போவாள்?

கூலியும் அப்படித்தான். தைக்கிற உருப்படிக்குத்தான் காசு. நூல், ஊசி, கரண்ட், மிஷின் பழுது எல்லாம் அவள் தலையில். காஜா எடுத்து, பட்டன் வைத்து, பிசிறு வெட்டி முடிக்கும் நேரத்துக்குக் கணக்கில்லை. வீட்டில் இருந்தபடி தைப்பதால் அதை உழைப்பு என்றே வீட்டாரும் எண்ணுவதில்லை. வீட்டுவழித் தொழிலாளர் பற்றிய சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 177ஆம் உடன்படிக்கை 1996இல் வந்தது. இந்தியா இன்றுவரை அதை ஏற்று உறுதி செய்யவில்லை.

நாம் செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. நம் பகுதியில் தைக்கும் ஒவ்வொரு பெண்ணையும் தையல் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யுங்கள். பிள்ளைகளின் கல்வி உதவி முதல் ஓய்வூதியம் வரை அதில் இருக்கிறது. சான்றிதழுக்குப் பதிலாக மிஷினில் உட்காரவைத்துத் தைத்துக் காட்டச் சொல்லட்டும் என்று அரசிடம் கேளுங்கள். சீருடை வந்து சேர்ந்ததும் ஒரு நாள் பள்ளியிலேயே மிஷின் போட்டு, உள்ளூர்ப் பெண்களுக்குக் கூலி கொடுத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவு பார்த்துப் பிடித்துத் தைத்துக் கொடுக்கப் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடுங்கள். அந்தக் குழுவில் நம் பெண்கள் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் அவர்கள் எழுந்து இதைக் கேட்கட்டும்.