இறக்கை முளைத்த ஊர்

அமெரிக்காவுக்குப் பிள்ளைகளைப் பார்க்க வரும் தமிழ்ப் பெற்றோருக்கு நயாகரா ஒரு க்ஷேத்திரம். நீலநிற மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு படகில் போய், நனைந்து, படம் எடுத்து, குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டால்தான் பயணம் செல்லுபடியாகும். அருவியிலிருந்து காரில் அரை மணி நேரத்தில் இருக்கிறது பஃபலோ நகரம். வருகிறவர்களில் பலர் அந்த ஊரின் விமான நிலையத்தை மட்டும் மிதித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

என் அக்கா மகன் அங்கே வேலை பார்க்கிறான். அருவியைக் காட்டிய கையோடு, "மாமா, இனிமேதான் ஊரே இருக்கு. நாளைக்கு ஒரு மணிக்கு மேட்ச். பன்னெண்டுக்கே போயிடணும், இல்லன்னா சீட்டு கிடைக்காது" என்றான். அவன் சொன்னது மைதானத்தை அல்ல, தெருமுனைப் பாரை.

பஃபலோவுக்கு சிக்கன் விங்ஸ் சாப்பிட வருகிற வெளியூர்க்காரர் நேராக மெயின் தெருவின் ஆங்கர் பாருக்குப் போவார். 1964ல் ஓர் இரவு தெரசா பெலிசிமோ என்ற அம்மாள், சூப்புக்குப் போடும் கோழி இறக்கையை எண்ணெயில் பொரித்து, மிளகாய் சாஸில் புரட்டி, மகனின் நண்பர்களுக்குத் தட்டில் வைத்தது அங்கேதான் என்பது ஊர் வரலாறு. ஆனால் உள்ளூர்க்காரரைக் கேட்டால் பத்தில் ஒன்பது பேர் தங்கள் தெருவில் இருக்கும் பாரைத்தான் சொல்வார்கள். ஆங்கர் பார் விங்ஸின் பிறந்த வீடு. அது வாழ்க்கைப்பட்டதும் குடித்தனம் நடத்துவதும் இந்தத் தெருமுனைகளில்.

நாங்கள் போனது தெற்கு பஃபலோவில், அபட் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவுக்கு. ஐரிஷ் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி. மாடி ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம் என்று மரத்தால் கட்டிய வீடுகள், வாசலில் திண்ணை மாதிரி தாழ்வாரம், தாழ்வாரத்துக்குத் தாழ்வாரம் ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியான பில்ஸின் கொடி. பாரும் அப்படியொரு வீடுதான். சன்னலில் நியான் விளக்கில் பியர் பெயர் எரியாவிட்டால் யாரோ குடியிருக்கிறார்கள் என்று கடந்து போயிருப்போம்.

உள்ளே நுழைந்ததும் என் கண் தேடியது இருட்டை. டாஸ்மாக் பார் பழக்கம் அப்படி. நம் ஊரில் குடிக்கப் போகிறவன் தெரிந்தவர் யாரும் இருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டுதான் படியேறுவான். இங்கே தெரிந்தவர் இருப்பார் என்பதற்காகவே வருகிறார்கள். மூலை மேசையில் ஒரு பாட்டி, பக்கத்தில் இரண்டு பேரப்பிள்ளைகள். மூவருக்கும் பில்ஸ் சட்டை, மூவர் கையிலும் எலும்பு. பிள்ளைகளுக்கு எலுமிச்சைச் சாறு, பாட்டிக்குப் பியர். வயது 21 ஆகாதவர்களுக்கு மது கிடையாதே தவிர, சாப்பிட வரத் தடையில்லை. நரைத்த தலையோடு நிற்கும் என்னிடமும் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார் கவுன்ட்டர் பெண்மணி. பார்த்துவிட்டு, "சின்னப் பையனாத்தான் தெரியறே, ஹனி" என்றார். அவருக்கு எல்லோரும் ஹனிதான்.

மேசை வேண்டாம், கவுன்ட்டரில் உட்காரலாம் என்றான் மருமகன். அதில் விஷயம் இருக்கிறது. மேசையில் உட்கார்ந்தால் எதிரில் இருப்பவரோடு மட்டும்தான் பேச்சு. கவுன்ட்டரில் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்கிறோம். மேலே வரிசையாகத் தொலைக்காட்சிகள். அறிமுகம் தேவையில்லை. திரையைப் பார்த்து ஒருவர் "சே!" என்றால் பக்கத்து ஆள் பதில் சொல்வார், அவ்வளவுதான், பேச்சு தொடங்கிவிட்டது. எனக்கு இடது பக்கம் இருந்த பெரியவருடன் அப்படித்தான் பழக்கமானது. சட்டையில் எண் 12, பழைய ஆட்டக்காரர் ஜிம் கெல்லி காலத்துச் சட்டை. இளசுகள் எல்லாம் 17, இப்போதைய ஆட்டக்காரர் ஜாஷ் ஆலன்.

விங்ஸ் வந்தது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லியாக வேண்டும்.

கோழி இறக்கையில் மூன்று பகுதி. நுனியை வெட்டி எடுத்துவிடுவார்கள். மிச்சம், குட்டித் தொடை மாதிரி ஒன்று, இரட்டை எலும்பு ஓடும் தட்டையான துண்டு ஒன்று. மாவு கிடையாது, மசாலா தடவி ஊறவைப்பதும் கிடையாது. அப்படியே கொதிக்கும் எண்ணெயில், தோல் மொறுமொறுவென்று ஆகும்வரை. சாஸில் இருப்பது இரண்டே பொருள்தான் என்று சொல்லலாம்: வினிகரில் ஊறிய கெயன் மிளகாய்ச் சாஸ், உருகிய வெண்ணெய். பொரித்ததைக் கிண்ணத்தில் கொட்டி, சாஸை ஊற்றி, கிண்ணத்தைத் தூக்கித் தூக்கிப் புரட்டுவார்கள். கூட செலரித் தண்டு, புளூ சீஸில் செய்த தொட்டுக்கை. பத்துத் துண்டு ஒரு சிங்கிள், இருபது ஒரு டபிள்.

இருப்பதிலேயே காரமானதைக் கொடுங்கள் என்றேன். கவுன்ட்டர் பெண்மணி மருமகனைப் பார்த்தார். "அவர் தமிழ்நாடு" என்றான், அதுவே உத்தரவாதம் என்பதுபோல. வந்த காரம் என்னை ஒன்றும் செய்யவில்லை. நம் செட்டிநாட்டு மிளகாய் வறுவலுக்கு முன்னால் அது நிற்காது. ஆனால் நான் எதிர்பாராதது புளிப்பு. முதலில் வினிகர் மூக்கில் ஏறுகிறது, பிறகு வெண்ணெய் வந்து தணிக்கிறது, காரம் கடைசியில் உதட்டில் நிற்கிறது. அந்த நேரத்தில் குளிர்ந்த பியர் ஒரு மடக்கு. சைடிஷ் என்று நாம் சொல்வதன் முழுத் தகுதியும் கொண்ட பண்டம் இது: குடிக்க வைக்கிறது, விரலை நக்க வைக்கிறது, கையில் எண்ணெய் இருப்பதால் போனைத் தொடவிடாமல் பண்ணுகிறது.

புளூ சீஸ் நாற்றம் பிடிக்காமல், அதற்குப் பதில் ராஞ்ச் சாஸ் கிடைக்குமா என்று மருமகனிடம் தமிழில் மெதுவாகக் கேட்டேன். 'ராஞ்ச்' என்ற சொல் மட்டும் பெரியவர் காதில் விழுந்துவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை, பரிதாபம். இந்த ஊரில் புளூ சீஸ்தான் நியதி. எலும்பில்லாத விங்ஸ் என்று மெனுவில் போடும் சங்கிலி உணவகங்களைப் பற்றியும் அவருக்கு அபிப்பிராயம் இருந்தது. அது இறக்கையே இல்லை, நெஞ்சுக் கறியை வெட்டிப் பொரிப்பது. 2024ல் ஒஹையோ உச்ச நீதிமன்றம், 'எலும்பில்லாத' என்பது சமையல் பாணியைத்தான் குறிக்கிறது, எலும்பே இருக்காது என்ற உறுதி அல்ல என்று நான்குக்கு மூன்று பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் ஒஹையோ மாநிலத்தின் மானமே போயிற்று.

தெரசா அம்மாள் ஏன் அன்றைக்கு இறக்கையை எடுத்தார்? அந்த வீட்டுக்குள்ளேயே கதை ஒத்துப்போகவில்லை. கறி கொண்டுவந்தவர் கழுத்தும் முதுகும் தருவதற்குப் பதில் இறக்கையை இறக்கிவிட்டுப் போய்விட்டார் என்பது கணவர் ஃப்ராங்க் சொன்னது. மகன் டொமினிக் சொன்னது வேறு: அன்று வெள்ளிக்கிழமை, கத்தோலிக்க வாடிக்கையாளர்கள் கறி தொடாமல் நள்ளிரவுக்காகக் காத்திருந்தார்கள், அவர்களுக்காகச் செய்தது. கால்வின் டிரிலின் 1980ல் நியூயார்க்கர் இதழில் இதையெல்லாம் துருவி எழுதியபோது இன்னொருவரும் அவருக்கு அகப்பட்டார். ஜான் யங். கிழக்கு பஃபலோவில், கறுப்பின மக்கள் வாழும் ஜெஃபர்சன் அவென்யூவில் கடை வைத்திருந்தவர். அவருடையது முழு இறக்கை. மாவில் தோய்த்துப் பொரித்து, மம்போ சாஸ் என்ற தக்காளி வாசமுள்ள குழம்பில் போட்டது. தான்தான் முதல் என்று அவர் கடைசிவரை சொன்னார். எனக்குப் படுவது இது: ஆங்கர் பாரின் தட்டும் யங்கின் தட்டும் இரண்டு வேறு பண்டங்கள். இரண்டும் ஒரே நகரத்தில் ஒரே பத்தாண்டில், யாரும் வாங்காத மலிவான துண்டிலிருந்து வந்தன. பெயர் ஒன்றுக்குக் கிடைத்தது. இன்று கால்பந்து இறுதியாட்டமான சூப்பர் போல் நடக்கும் வார இறுதியில் மட்டும் அமெரிக்கர்கள் 140 கோடிக்கு மேற்பட்ட இறக்கைகளைத் தின்கிறார்கள் என்று நாட்டின் கோழித் தொழில் சங்கம் மதிப்பிடுகிறது. கோழிக்கோ இரண்டே இறக்கை. மலிவுத் துண்டு என்ற பேச்சு எப்போதோ முடிந்துவிட்டது.

சூப்பர் போல் என்று வாய் தவறிச் சொன்னால் இந்த ஊரில் ஒரு கணம் அமைதி வரும். பில்ஸ் அணி 1991 முதல் 1994 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் அந்த இறுதியாட்டத்துக்குப் போனது, நான்கிலும் தோற்றது. வேறெந்த அணியும் தொடர்ந்து நான்கு முறை போனதில்லை. முதல் தோல்வி 19–20, ஒரே புள்ளி. கடைசி நொடிகளில் ஸ்காட் நார்வுட் உதைத்த 47 கஜப் பந்து கம்பத்துக்கு வலப்பக்கமாகப் போய்விட்டது. நான் கிரிக்கெட் ஆள். நம் ஊரில் கடைசிப் பந்தில் கோட்டைவிட்டவனுக்கு என்ன நடக்கும் என்று தெரியும். இங்கே மறுநாள் நகரச் சதுக்கத்தில் பல்லாயிரம் பேர் திரண்டு, அந்த நார்வுட்டின் பெயரையே சொல்லிக் கூவி மேடைக்கு அழைத்திருக்கிறார்கள். பெரியவர் அந்தக் கூட்டத்தில் நின்றவர். "அவன் நம்ம பையன், உதைச்சது அவன் கால், தோத்தது நாங்க எல்லாரும்" என்றார், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே.

அவர் அப்பா லாக்கவானாவின் பெத்லெஹெம் எஃகு ஆலையில் இருந்தவர். ஒரு காலத்தில் இருபதாயிரம் பேர் வேலை பார்த்த ஆலை. 1983ல் உலை அணைந்தது. இந்த மாவட்டத்தில் பார்கள் காலை நான்கு மணிவரை திறந்திருப்பது அந்த ஷிப்ட் தொழிலாளர்களுக்காக வந்த வழக்கம் என்று சொல்கிறார்கள். ஆலை போய்விட்டது, நான்கு மணி மட்டும் இருக்கிறது.

திரையில் பில்ஸ் டச் டவுன் எடுத்தபோது பார் எழுந்து நின்று பாடியது. ஐஸ்லி பிரதர்ஸின் 'ஷௌட்' பாட்டின் மெட்டு, சொற்கள் மட்டும் பில்ஸுக்காக மாற்றியது. பாட்டியும் பேரப்பிள்ளைகளும் உள்பட ஒருவருக்கும் ஒரு சொல் தப்பவில்லை. மைதானத்தின் கார் நிறுத்தத்தில் மடக்கு மேசைமேல் குதித்து உடைக்கிற ரசிகர்களின் காணொளியைப் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்தை முரடர்கள் என்று நினைக்கக்கூடும். 2020 நவம்பரில் ஜாஷ் ஆலனின் பாட்டி இறந்தபோது இதே கூட்டம்தான், அவர் சட்டை எண்ணை வைத்து ஆளுக்குப் பதினேழு டாலராக, நகரின் குழந்தைகள் மருத்துவமனைக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் சேர்த்துக் கொடுத்தது. மருமகனும் கொடுத்திருக்கிறான். அப்போது அவன் இந்த ஊருக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை.

இடைவேளையில் பர்கர். அவன் மாட்டிறைச்சி சாப்பிடுவது அக்காவுக்குத் தெரியாது. இந்தக் கட்டுரை அவள் கண்ணில் படாமலிருக்கட்டும். இரும்புக் கல்லில் வாட்டிய கறி, மேலே உருகி வழியும் மஞ்சள் சீஸ், ஊறுகாய் வெள்ளரி. நன்றாக இருந்தது, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இங்கிருந்து பத்து மைல் தெற்கே ஹாம்பர்க் என்றே ஓர் ஊர் இருக்கிறது. 1885ல் அங்கே நடந்த ஈரி மாவட்டச் சந்தையில், பன்றிக்கறி தீர்ந்துபோய் மெஞ்சஸ் சகோதரர்கள் மாட்டுக்கறியைக் கொத்தி ரொட்டியில் வைத்து விற்றார்கள், அதுதான் முதல் ஹாம்பர்கர் என்கிறார்கள். விஸ்கான்சினில் ஓர் ஊரும் கனெக்டிகட்டில் ஒரு கடையும் இதே பட்டத்தைக் கேட்கின்றன. "இறக்கையும் எங்களது, பர்கரும் எங்களது, கோப்பை மட்டும் கொடுக்க மாட்டேங்கறாங்க" என்றார் பெரியவர்.

பியர் மட்டும் அவர்களுடையது இல்லை. எல்லோர் கையிலும் லாபட் புளூ, ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கனடாச் சரக்கு. பஃபலோவிலும் பெரிய பியர் ஆலைகள் இருந்தன. பழையவற்றில் கடைசியாக நின்றவை 1970களின் தொடக்கத்தில் மூடப்பட்டன. தானியத்துக்கு இங்கே பஞ்சமே இருந்ததில்லை: 1825ல் ஈரி கால்வாய் திறந்தபிறகு மத்திய மேற்கின் தானியம் பெருமளவில் இந்தத் துறைமுகம் வழியாகத்தான் போனது. 1842ல் ஜோசப் டார்ட் நீராவியால் தானியம் ஏற்றி இறக்கும் உயரக் கிடங்கை இங்கேதான் கட்டினார். 1959ல் செயின்ட் லாரன்ஸ் கடல்வழி திறந்ததும் கப்பல்கள் பஃபலோவைத் தொடாமலே போகத் தொடங்கின. மிஞ்சிய கான்கிரீட் குதிர்களில் ஆறுக்கு இப்போது ராட்சத லாபட் கேன்களைப்போல நீல வேடம். காலையில் வரும் வழியில் பார்த்தபோது விளம்பரம் என்று முகம் சுளித்தேன். இரண்டாவது பியருக்குப் பிறகு கொஞ்சம் பொருத்தமாகத்தான் தோன்றியது.

கடைசிக் கால்பகுதி ஆட்டத்தின்போது கவுன்ட்டர் பெண்மணி என் முன்னால் ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். என்னவென்று புரியாமல் நிமிர்த்தப் போனேன். மருமகன் கையைப் பிடித்தான். "மாமா, உங்க அடுத்த பியருக்கு யாரோ காசு கட்டிட்டாங்க. அப்படியே இருக்கட்டும்." யார் என்று கேட்கத் தேவையில்லை, பெரியவர் விளையாட்டில் மூழ்கியிருப்பதாக நடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது பியர் என் கொள்ளளவுக்கு வெளியே. குடித்தேன்.

பில்லில் ஐந்தில் ஒரு பங்கு டிப்ஸ் சேர்த்து வைத்தான் மருமகன். பெரியவர் எழுந்து கை கொடுத்தார், இருவர் கையும் சாஸ் பிசுபிசுப்பு. வெள்ளிக்கிழமை வா, இங்கே மீன் வறுவல், தட்டுக்கு வெளியே வால் நீட்டிக்கொண்டிருக்கும் என்றார். வியாழக்கிழமை விமானம் ஏறுகிறேன் என்றேன்.

"டிக்கெட்டை மாத்து" என்றார்.