ஜாமீன் கையெழுத்து

விக்தர் ஹ்யூகோவின் ‘லே மிசராப்ள’ 1862இல் வெளிவந்தது. கவியோகி சுத்தானந்த பாரதி அதை ‘ஏழை படும் பாடு’ என்று தமிழில் தந்தார். அதே பெயரில் 1950இல் திரைப்படம் வந்தது. கதாநாயகனாக நாகையா நடித்தார். அவரைத் துரத்தும் காவல் அதிகாரியாக நடித்த சீதாராமன், ஜாவர் சீதாராமன் ஆனார். பின்னாளில் ‘அந்த நாள்’ போன்ற படங்களுக்கு வசனம் எழுதியபோதும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. நாவலில் திருடனுக்கு வெள்ளி விளக்குத் தண்டுகளைக் கொடுத்தனுப்பும் ஆயர் மிரியேலின் பெயர் தமிழ்நாட்டில் எவருக்கும் பட்டமாக ஒட்டவில்லை. சந்தேகிப்பவனையே நாம் நினைவில் வைத்துக்கொண்டோம் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே இருந்திருக்கிறது.

ஜாவரைக் கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. சிறையில் பிறந்தவன் அவன். தந்தை தண்டனைக் கைதி. ஒருமுறை குற்றம் செய்தவன் என்றும் குற்றவாளியே என்பது அவனுடைய நேர்மையின் அடித்தளம். அந்த அடித்தளத்தை ஒரு மன்னிப்பு அசைத்தவுடன் அவனால் உயிரோடிருக்க முடியவில்லை. கருணை மனிதனைக் காப்பாற்றும் என்பதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அதைத் தாங்க மாட்டாமல் ஒருவன் ஆற்றில் குதிப்பான் என்று எழுத ஹ்யூகோவின் துணிவு வேண்டும்.

நான் தேவாலயத்துக்குச் செல்பவன் அல்லன். விவிலியத்தை அதன் பழைய தமிழுக்காக வாசிக்கத் தொடங்கி, பிறகு அதன் மனிதர்களுக்காகத் தொடர்ந்தவன். சீர்திருத்தச் சபையினரின் மொழிபெயர்ப்பில் ‘விசுவாசம்’ ஒன்று, ‘நம்பிக்கை’ வேறொன்று. முன்னது இறைவன்பால் கொள்ளும் பற்றுறுதி. பின்னது வருங்காலத்தை நோக்கிய எதிர்பார்ப்பு. நம் அன்றாடப் பேச்சிலோ விசுவாசம் பெரும்பாலும் நாய்க்கும் வேலைக்காரனுக்கும் உரிய குணமாகிவிட்டது. கிரேக்க மூலத்தின் ‘பிஸ்டிஸ்’ என்ற சொல் நம்புவதையும் நம்பத்தக்கவனாக இருப்பதையும் ஒருசேரக் குறிக்கும். ஒருவனை நம்புவதன் வழியாகவே அவனை நம்பத்தக்கவனாக்கும் சாத்தியம் அந்தச் சொல்லுக்குள் எங்கோ இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். மொழியியலாளர்கள் ஒப்புவார்களா என்பது வேறு விஷயம்.

ஆதியாகமத்தில் பாம்பு முதலில் செய்வது ஒரு கேள்வி கேட்பதுதான். கொடுத்தவன் எதையோ மறைத்துவைத்திருக்கிறான் என்ற ஐயத்தை அந்தக் கேள்வி விதைக்கிறது. பழத்தைத் தின்பது அதற்குப் பிறகு. இறையியலாளர்கள் இதைப் பற்றி நிறையவே எழுதிவிட்டார்கள். என்னை ஈர்ப்பது மனிதன் கடவுளைச் சந்தேகித்த கதையைக் காட்டிலும், மனிதர்கள் ஒருவரையொருவர் சந்தேகித்த கதைகள். அவற்றில் முதன்மையானது பவுலுடையது.

ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றபோது, கொன்றவர்களின் மேலாடைகள் சவுல் என்ற இளைஞனின் காலடியில் வைக்கப்பட்டிருந்தன. பிறகு வீடு வீடாகப் புகுந்து மக்களைச் சிறைக்கு இழுத்துச் சென்றவன் அவன். தமஸ்கு செல்லும் வழியில் அவனுக்கு என்னவோ நிகழ்ந்தது, மனம் மாறினான். சரி, அவன் மாறியது அவனுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்? அவன் எருசலேமுக்கு வந்து சீடர்களோடு சேர முயன்றபோது, அவன் உண்மையான சீடன் என்பதை நம்பாமல் எல்லாரும் அஞ்சினார்கள் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். நான் அங்கிருந்தால் நானும் அஞ்சியிருப்பேன். உளவு பார்க்க வந்தவன் என்று எண்ணியிருப்பேன். அந்தச் சந்தேகத்தில் பிழையேதும் இல்லை. சிறையில் இருந்தவர்கள் அவர்களுடைய சொந்தங்கள்.

பர்னபா என்ற ஒருவர்தான் சவுலை அப்போஸ்தலரிடம் அழைத்துச் சென்றார். சீப்புருவில் பிறந்த லேவியர். யோசே என்பது இயற்பெயர். நிலத்தை விற்று அந்தப் பணத்தைச் சபைக்குக் கொடுத்தவர் என்று முன்பே அறிமுகமாகியிருப்பவர். சொத்தைக் கொடுத்ததற்காக மதிக்கப்பட்ட அவர், இப்போது தம் பெயரையும் கொடுத்தார். சவுல் உளவாளியாக இருந்திருந்தால் முதலில் அழிவது பர்னபாவின் சொல்லாகத்தான் இருந்திருக்கும். பிற்பாடு தர்சு வரை தேடிச் சென்று சவுலை அந்தியோகியாவுக்கு அழைத்துவந்ததும் அவரே. உலக வரலாற்றைத் திருப்பிய மனிதர்களில் ஒருவருக்கு ஜாமீன் நின்றவர் என்றுதான் பர்னபாவைச் சொல்லவேண்டும்.

இதற்கடுத்து நடந்ததுதான் என்னை நெடுநாள் உறங்கவிடாத பகுதி. பர்னபாவும் பவுலும் முதல் பயணம் புறப்பட்டபோது மாற்கு எனப்பட்ட யோவானும் உடன் சென்றான். பம்பிலியா நாட்டுப் பெர்கே ஊரில் அவர்களை விட்டுவிட்டு அவன் திரும்பிவிட்டான். ஏன் என்று லூக்கா சொல்லவில்லை. மலைப்பாதைக்கு அஞ்சினானோ, வீட்டு நினைவு வந்ததோ. அடுத்த பயணத்துக்கு அவனையும் அழைத்துப்போகலாம் என்று பர்னபா சொன்னபோது பவுல் மறுத்தார். ஒருமுறை விட்டுப்போனவனை மீண்டும் சேர்க்கமாட்டேன் என்றார். எவருமே நம்பாதிருந்த நாளில் நம்பப்பட்ட அதே பவுல், நம்பிய அதே பர்னபாவிடம் இதைச் சொல்கிறார்.

அவர்களுக்குள் மூண்ட பூசலைக் குறிக்க லூக்கா பயன்படுத்தும் கிரேக்கச் சொல் ‘பரொக்ஸிஸ்மொஸ்’. கடுஞ்சினத்தின் கொதிப்பு. கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் அன்பின் இயல்புகளை அடுக்கும்போது, அது சினங்கொள்ளாது என்று சொல்ல பவுல் கையாள்வதும் இதே வேர்ச்சொல். லூக்கா எழுதியது ஒன்று, பவுல் எழுதியது மற்றொன்று. இரண்டுக்கும் தொடர்பு இல்லாமலிருக்கலாம். ஆயினும் அந்த வரியை எழுதும்போது அவர் கண்முன் பர்னபாவின் முகம் வந்துபோயிருக்கும் என்று எண்ணாமலிருக்க என்னால் இயலவில்லை. அதே கடிதத்தில் நான்கு அதிகாரங்களுக்கு முன்பு பர்னபாவைத் தமக்கு இணையாக, மதிப்புடன் குறிப்பிட்டிருக்கிறார்.

பர்னபா மாற்குவை அழைத்துக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பலேறினார். நடபடிகள் நூலில் அதற்குப்பின் அவர் வருவதில்லை. கதை பவுலோடு போய்விடுகிறது.

இங்கே என் தந்தையைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தார். பர்னபா என்ற பெயரை அவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. உடன் பணிபுரிந்த ஒருவர் கையாடல் புகாரில் பணியிடை நீக்கம் செய்யப்பட்டு, நெடுங்காலம் கழித்து வேலைக்குத் திரும்பியிருந்தார். பணியாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்ட அவருக்கு ஜாமீன் கையெழுத்திட எவரும் முன்வரவில்லை. என் தந்தை இட்டார். எட்டு மாதங்களில் அந்த மனிதர் சொல்லாமல் ஊரைவிட்டுப் போய்விட்டார். அதன்பின் இருபத்தாறு மாதங்கள் தந்தையின் சம்பளத்தில் பிடித்தம் நடந்தது. ஒருமுறைகூட அந்த மனிதரைப் பற்றி அவர் கடுஞ்சொல் சொல்லிக் கேட்டதில்லை. அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, உறவினர் கூட்டமொன்றில் அவருடைய பெருந்தன்மையை நான் புகழ்ந்துகொண்டிருந்தபோது அம்மா குறுக்கிட்டாள். “உங்கப்பா கையெழுத்துப் போட்டார். கட்டினது என் வளையல்.” அக்காவின் கல்லூரிக் கட்டணத்துக்காக அடகுக்குப் போன வளையல்கள் அவை. மீட்கப்படவில்லை.

விவிலியம் அம்மாவின் பக்கமும் நிற்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பிறனுக்காகப் பிணைப்படாதே என்று நீதிமொழிகள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் எச்சரிக்கிறது. ஹ்யூகோவும் இதை அறிந்தே இருந்தார். ஆயர் மிரியேலின் வீட்டில் அவருடைய சகோதரியும், மக்லுவார் அம்மாள் என்ற பணிப்பெண்ணும் இருந்தார்கள். வெள்ளித் தட்டுகள் காணாமற்போன காலையில் இனி எதில் உண்பது என்று கவலைப்படுபவர் மக்லுவார் அம்மாள்தான். ஆயரின் அருள்செயலைப் பற்றி எழுதும் எவரும் அவரை நினைப்பதில்லை.

நம்பிக்கை என்ற பெயரில் இன்னொருவரின் உடைமையைப் பணயம் வைப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதை 2002 ஜனவரியில் ‘பாஸ்டன் குளோப்’ நாளிதழ் வெளியிட்ட செய்திகள் காட்டின. ஜான் கேகன் என்ற பாதிரியார்மீது முப்பதாண்டுக் காலத்தில் 130க்கும் மேற்பட்டோர் பாலியல் குற்றம் சாட்டியிருந்தனர். புகார்கள் எழுந்தபோதெல்லாம் மறைமாவட்டம் அவரை ஒரு பங்கிலிருந்து மற்றொரு பங்குக்கு மாற்றியது. சிகிச்சை பெற்றார், திருந்திவிட்டார் என்ற நம்பிக்கையைக் காரணம் காட்டியது. கர்தினால் பெர்னார்ட் லா அவ்வாண்டு டிசம்பரில் பதவி விலகினார். அவர்கள் பயன்படுத்தியது கருணையின் சொற்களைத்தான். ஆனால் பணயமாக வைத்தது தங்கள் பெயரை அல்ல, அடுத்த பங்கின் குழந்தைகளை. அந்தக் குழந்தைகளுக்குத் தேவையாயிருந்தது ஒரு ஜாவரின் சந்தேகம். அதைச் செய்தவர்கள் செய்தியாளர்களும், வாய்திறந்த பாதிக்கப்பட்டவர்களும்.

என் தந்தையை இவர்களோடு ஒரே தட்டில் வைக்க நான் துணியமாட்டேன். அவருடைய சம்பளமும் அதில் போயிற்று; பல மாதங்கள் மிதிவண்டிக்கு டயர் மாற்றாமல் நடந்தே அலுவலகம் போனார். இருந்தும், அம்மாவைக் கேட்டாரா என்ற கேள்வி எனக்குள் நின்றுகொண்டேதான் இருக்கிறது. நிலத்தை விற்றபோது பர்னபாவின் வீட்டில் யாரேனும் இருந்தார்களா என்று லூக்கா எழுதவில்லை.

பவுலின் கடிதங்களில் மிகச் சிறியது பிலேமோனுக்கு எழுதியது, இருபத்தைந்தே வசனங்கள். ஒநேசிமு என்ற அடிமை எசமானனை விட்டு விலகி, சிறையிலிருந்த பவுலிடம் வந்துசேர்ந்திருக்கிறான். அவனைத் திருப்பி அனுப்பும்போது பவுல் எழுதிக் கொடுத்ததே இக்கடிதம். அடிமை முறையே தவறு என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. அது எனக்கு உறுத்தல்தான். ஆனால் வழக்கமாக உதவியாளரைக்கொண்டு கடிதம் எழுதுவிக்கும் பவுல், இதில் ஓரிடத்தில் என் சொந்தக் கையால் எழுதுகிறேன் என்று நின்று சொல்கிறார். அவன் உமக்கு ஏதேனும் கடன்பட்டிருந்தால் அதை என் கணக்கில் எழுதும், நான் செலுத்துவேன் என்ற இடம் அது. கடன் பத்திரத்தின் மொழி. நீதிமொழிகளைக் கரைத்துக் குடித்த ஒரு யூதர் இதை அறியாமல் எழுதியிருக்க முடியாது. அடுத்த மூச்சிலேயே, நீரே எனக்குக் கடன்பட்டவர் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை என்று சொல்லியும் விடுகிறார். ஆள் சாமர்த்தியசாலி.

பிலேமோன் அவனை ஏற்றுக்கொண்டாரா, பவுல் எதையும் கட்ட நேர்ந்ததா என்பதற்குக் கடிதத்தில் விடையில்லை. இறுதியில், உடனிருப்பவர்களின் வாழ்த்துகளைத் தெரிவிக்கிறார். எப்பாப்பிரா வாழ்த்துகிறான். பிறகு உடன் வேலையாட்கள் நால்வரின் பெயர்கள் வருகின்றன. அவற்றில் முதல் பெயர் மாற்கு.