சோளக்கொல்லையில் முளைத்த எரிமலை

1943 பிப்ரவரி 20. மெக்சிகோவின் மிச்சோவாகான் மாநிலத்தில் உள்ள பரீகுட்டின் என்ற சிற்றூர். டியோனிசியோ புலிடோ என்ற விவசாயி தன் மக்காச்சோளக் கொல்லையை விதைப்புக்குத் தயார் செய்துகொண்டிருந்தார். சில வாரங்களாகவே பூமிக்கடியில் இடி உருள்வதுபோல் சத்தம்; அவ்வப்போது நில அதிர்வு. அன்று மாலை கொல்லையில் ஒரு வெடிப்பு விட்டது. மண் உப்பி மேலே எழும்பியது. சீறலோடு புகையும் சாம்பலும் கிளம்ப, அழுகிய முட்டை நாற்றம் பரவியது.

மறுநாள் அந்தக் கொல்லையில் ஒரு குன்று நின்றது. ஓராண்டில் அதன் உயரம் 336 மீட்டர்!

ஒரு மலை இவ்வளவு வேகமாக வளருமா? சோடா பாட்டிலைத் திறந்ததும் நுரை பொங்குகிறதல்லவா? பூமிக்குள் இருக்கும் பாறைக்குழம்பிலும் வாயுக்கள் கரைந்திருக்கின்றன. குழம்பு மேலே வர வர அழுத்தம் குறைந்து, அவை குமிழிகளாகப் பிரிகின்றன. அந்த வேகத்தில் குழம்பு துண்டு துண்டாகச் சிதறி வானில் தெறிக்கிறது. அது ஆறி, பொத்தல் நிறைந்த கற்களாக எரிமலை வாயைச் சுற்றியே விழுகிறது. களத்தில் நெல்லைக் கொட்டக் கொட்ட அம்பாரம் உயர்வதுபோல், கல் குவிந்து கூம்பாகிறது. பரீகுட்டின் இந்த வகை.

எல்லா எரிமலைகளும் இப்படி உருவாவதில்லை. ஹவாய் தீவின் மௌனா லோவாவில் குழம்பு இளகலானது. வெகுதூரம் ஓடிப் பரவுவதால், தரையில் கவிழ்த்த கேடயம்போல் அகன்று கிடக்கிறது அந்த மலை. ஜப்பானின் ஃபூஜியில் லாவாவும் சாம்பலும் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. இரண்டும் பல்லாயிரம் ஆண்டுகளாக மீண்டும் மீண்டும் பொங்கி வளர்ந்தவை. பரீகுட்டினுக்கோ ஒன்பதே ஆண்டுகள். ஒரு எரிமலை பிறந்தது முதல் அடங்கும் வரை விஞ்ஞானிகள் அருகிலிருந்தே கவனிக்க அது அரிய வாய்ப்பாக அமைந்தது.

ஊர்க்காரர்களுக்கு அது வாழ்வையே புரட்டிப்போட்ட ஒன்பது ஆண்டுகள். குவிந்த கல்லுக்கு லாவாவைத் தாங்கும் பலமில்லை. அடிவாரத்தைப் பிளந்துகொண்டு அது வழிந்தது. பரீகுட்டினும், பக்கத்திலிருந்த பெரிய ஊரான சான் ஹுவான் பரங்காரிகுட்டிரோவும் புதைந்தன. லாவா மெதுவாக நகர்ந்ததால் மக்கள் தப்பினார்கள். லாவாவில் சிக்கி ஒருவரும் சாகவில்லை. சாம்பல் மேகத்தில் உண்டான மின்னல் தாக்கித்தான் மூன்று பேர் இறந்தார்கள். சான் ஹுவான் மக்கள் தங்கள் தேவாலயத்தின் இயேசு சிலையைச் சுமந்துகொண்டு ஊர்வலமாக நடந்தே போய், வேறிடத்தில் புது ஊர் அமைத்தார்கள்.

1952-ல் எரிமலை ஓய்ந்தது. அப்போது அதன் உயரம் 424 மீட்டர். இந்த வகைக் கூம்புகள் பெரும்பாலும் ஒரே முறைதான் பொங்கும். பழைய தேவாலயத்தின் கோபுரம் மட்டும் கருத்த லாவாப் பாறைகளுக்கு மேலே இன்றும் நிமிர்ந்து நிற்கிறது. அருகிலுள்ள அங்காஹுவான் கிராமத்தினர் சுற்றுலாப் பயணிகளைக் குதிரையில் ஏற்றிக் கூட்டிப்போய் அதைக் காட்டுகிறார்கள். உழவு மாடுகள் நடந்த அந்த மண்ணில், இப்போது குதிரைக் கூலியும் ஒரு பிழைப்பு.