தண்ணீர் தேங்கும் இடமும் நுழையும் இடமும்



லெஸ்டரில் மகள் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. "சார், அங்கே பொழுது எப்படிப் போகிறது?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். கடைசி இரண்டு வாரம் ஒரு காரின் டிக்கிக்குள் போயிற்று. பதிவு கொஞ்சம் நீளம். கார் வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள், உபயோகப்படும்.

பக்கத்து வீட்டு அம்மையாருக்கு எழுபது வயதுக்கு மேல். கணவர் போன வருடம் காலமானார். அவர் ஆசையாக வைத்திருந்தது இரண்டு பேர் மட்டும் உட்காரும் கன்வெர்டிபிள் கார். துணிக் கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம். வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் கூரையைத் திறந்துகொண்டு ஸ்கெக்னஸ் கடற்கரைக்குப் போய்வருவார்களாம். இப்போது மழை பெய்தால் டிக்கியில் தண்ணீர். ஒர்க்‌ஷாப்பில் டிக்கியின் ரப்பர் பீடிங்கைப் புதிதாக மாற்றினார்கள். அடுத்த மழையில் மறுபடியும் குளம். "எங்கே ஒழுகுகிறது என்று தேடவே மணிக்கணக்கில் கூலி ஆகும், கண்டுபிடிப்போம் என்று உறுதி சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். மகன் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடச் சொல்கிறார். அம்மையார் பதில் பேசாமல் துண்டை நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தார். மாப்பிள்ளைதான், "எங்க மாமா ஃபிசிக்ஸ் வாத்தியார், பார்க்கச் சொல்றேன்" என்று என்னைக் கோத்துவிட்டார்.

விஷயம் சாதாரணமில்லை. இங்கே மூன்று வயதான கார்கள் வருடாவருடம் எம்.ஓ.டி. என்ற சோதனையில் தேற வேண்டும். சீட் பெல்ட், சஸ்பென்ஷன் போன்றவை காரின் உடலோடு சேரும் இடங்களைச் சுற்றி 30 செ.மீ.க்குள் பலத்தைக் குறைக்கும் அளவுக்குத் துரு இருந்தால் தேறாது. அந்த அம்மையாருக்கு அடுத்த மாதம் சோதனை. போதாக்குறைக்கு இந்தக் காரில் பேட்டரியும் டிக்கிக்குள்தான் இருக்கிறது.

வேலையைத் தொடங்கும் முன் காரைச் சுற்றிவந்து நன்றாகப் பார்த்தேன். நம் ஊர் முற்றம் வைத்த வீடுதான் நினைவுக்கு வந்தது. முற்றத்தில் மழை விழக்கூடாது என்று யாரும் நினைப்பதில்லை. விழுகிற தண்ணீர் வெளியேற ஒரு துவாரம் வைத்திருப்பார்கள். சிறு வயதில் கப்பல் விட அந்தத் துவாரத்தில் துணியை அடைத்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். சற்று நேரத்தில் தண்ணீர் தாழ்வாரத்துக்கு ஏறிவிடும். கன்வெர்டிபிளும் அப்படியே. துணிக் கூரை முடிகிற இடத்தில், இருக்கைகளுக்குப் பின்னால், ஒரு ரப்பர் வாய்க்கால் இருக்கிறது. கூரையிலிருந்து வழியும் தண்ணீரை அது ஏந்தி, இருபுறமும் இரண்டு குழாய்கள் வழியாக வண்டிக்கு அடியில் விட்டுவிடும். ஆகவே இந்தக் காரில் பார்க்க வேண்டியவை இரண்டு: எங்கே ஓட்டை இருக்கக் கூடாதோ அங்கே இருக்கிறதா? எங்கே ஓட்டை திறந்திருக்க வேண்டுமோ அங்கே திறந்திருக்கிறதா?

முதலில் டிக்கியைக் காலி செய்தோம். கார்ப்பெட், ஸ்டெப்னி எல்லாம் வெளியே. தண்ணீரைத் துடைத்து ஒரு நாள் முழுக்கக் காயவிட்டோம். ஈரத்தில் தேடினால் பழைய ஈரம் எது, புது ஈரம் எது என்று தெரியாது. காய்ந்த பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால் தண்ணீர் வந்த தடம் தானே தெரியும்: மெல்லிய துருக்கோடு, சேற்றுக்கறை, தூசியில் விழுந்த வரி.

குளம் இடது மூலையில்தான் இருந்தது. எல்லோரும் அந்த மூலையையே சந்தேகப்பட்டிருக்கிறார்கள். ஆனால் அவர் வீட்டு வாசல் சரிவு. கார் மூக்கை மேட்டுப் பக்கம் வைத்து, இடப்புறம் சற்றுச் சாய்ந்து நிற்கிறது. எங்கே நுழைந்தாலும் தண்ணீர் அந்த மூலைக்குத்தான் போகும். மேலும் தண்ணீர் நேராகச் சொட்டும் என்று நினைக்காதீர்கள். டம்ளரிலிருந்து மெதுவாக ஊற்றினால் வெளிப்புறத்தோடு ஒட்டிக்கொண்டே வழியுமே, அதுபோலத் தகட்டின் அடிப்பக்கத்தில் ஒட்டி வெகுதூரம் ஓடும். வயர் ஒன்று கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு இறங்கும்.

புது பீடிங்கைச் சாக்பீஸால் சோதித்தேன். பீடிங் முழுவதும் சாக்பீஸைத் தேய்த்து, மூடியை ஒருமுறை மூடித் திறந்தால், எங்கே பதிகிறதோ அங்கே மூடியில் வெள்ளைக்கோடு விழும். கோடு எங்கும் அறுபடவில்லை. பீடிங் நிரபராதி.

பிறகு ஹோஸ் பைப். மழை மேலிருந்து பெய்தாலும் சோதனையைக் கீழிருந்துதான் தொடங்க வேண்டும். மேலே ஊற்றினால் தண்ணீர் சந்தேகப்பட்ட எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எது குற்றவாளி என்று தெரியாது. வேகமாகப் பீய்ச்சவும் கூடாது; ஓட்டமாக விட வேண்டும். ஒரு இடத்துக்குப் பத்து நிமிடம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் என்று லேபில் சொல்வேனே, அதேதான். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க, பழைய மொபைல் ஒன்றை விளக்கெரிய வீடியோவில் போட்டு டிக்கிக்குள் வைத்து மூடினோம். ஆளை உள்ளே படுக்கவைத்து மூடுகிறவர்களும் உண்டு. யாரும் அதைச் செய்யாதீர்கள்.

வலது டெயில் லேம்ப்: ஒரு சொட்டும் இல்லை. இடது டெயில் லேம்ப்: ஏழாவது நிமிடத்தில் வயரைப் பிடித்துக்கொண்டு ஒரு சொட்டு, பின் இன்னொன்று. விளக்குக்கும் தகட்டுக்கும் நடுவே இருந்த ஃபோம் கேஸ்கெட் அப்பளம்போல் இறுகியிருந்தது. மூடியின் மேலிருக்கும் பிரேக் விளக்கில் கசிவு இல்லை.

ஒரு குற்றவாளி கிடைத்ததும் நிறுத்தலாம் என்றார் மாப்பிள்ளை. ஆனால் அந்தச் சொட்டு அவ்வளவு பெரிய குளத்தை நிரப்பாது. கடைசியாகக் கூரையின் பின் விளிம்பில் ஒரு குவளை தண்ணீரை ஊற்றிவிட்டு வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தோம். வலது குழாயிலிருந்து கொட்டியது. இடது குழாயில் ஒன்றுமில்லை. இன்னும் இரண்டு குவளை ஊற்றியதும் இருக்கைக்குப் பின்புறச் சுவரைத் தாண்டி டிக்கிக்குள் தண்ணீர் எட்டிப்பார்த்தது. முற்றத்துத் துவாரம் அடைத்துக்கொண்டிருந்தது.

குழாயில் கம்பி விடக்கூடாது, கிழிந்துவிடும். கம்ப்ரசர் காற்று அடித்தால் உள்ளே இணைப்புக் கழன்றுவிடலாம். புல்வெட்டும் கருவியில் போடும் நைலான் நரம்பை மெதுவாக விட்டு விட்டு எடுத்தோம். மக்கிய இலை, பாசி, வண்டல் எல்லாம் கறுப்புக் களியாக வந்தது. பிறகு ஊற்றிய தண்ணீர் தடையில்லாமல் அடியில் விழுந்தது. அம்மையார் கைதட்டினார்.

டெயில் லேம்பைக் கழற்றி, பழைய ஃபோமைச் சுரண்டி, பியூட்டைல் டேப்பைச் சுற்றி ஒட்டி, நட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக முடுக்கினோம். பாத்ரூம் சிலிக்கானை அப்பிவிடலாமே என்று கேட்பீர்கள். புளித்த காடி வாசனை வருகிற சிலிக்கான் இறுகும்போது அசெட்டிக் அமிலத்தை வெளிவிடும்; அது தகட்டையே அரிக்கும். துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பிரைமர், பெயின்ட் அடித்தோம். நல்லவேளை, துரு மேலோடு நின்றிருந்தது. செலவு, மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த டீயைச் சேர்க்காமல், சில பவுண்டுகள்.

அதன்பின் மூன்று மழை பெய்துவிட்டது. டிக்கியில் விரித்துவைத்த செய்தித்தாள் நனையவில்லை. போன வாரம் எம்.ஓ.டி. சோதனையிலும் கார் தேறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அம்மையார் ஸ்கெக்னஸ் போனார். ஓட்டிக்கொண்டு போனவர், இரும்புக்குக் கொடுக்கச் சொன்ன அதே மகன். கூரை திறந்துதான் இருந்தது.

உங்களில் நிறையப் பேர் இப்போது சன்ரூஃப் வைத்த கார் வாங்கியிருக்கிறீர்கள். அதன் மூலைகளிலும் இதேபோல் தண்ணீர் போகும் குழாய்கள் உண்டு. வேப்பமரத்தடியிலும் புங்கமரத்தடியிலும் நிறுத்துகிறவர்கள் ஐப்பசி மழைக்கு முன்னால் சன்ரூஃப் விளிம்பையும், முன் கண்ணாடிக்குக் கீழே இலை சேரும் பள்ளத்தையும் சுத்தம் செய்துவிடுங்கள். உள்ளே ஈரம் கண்டால் உடனே எதையாவது பூசி அடைக்க ஓடாதீர்கள். திறந்திருக்க வேண்டியது திறந்திருக்கிறதா என்று முதலில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

உங்கள் வண்டியில் இப்படி அனுபவம் இருந்தால் கீழே எழுதுங்கள். எந்த வருட பேட்ச் என்பதையும் சேர்த்துப் போடுங்கள், முகம் ஞாபகத்துக்கு வரட்டும்.