பிடியரிசிக் கலயம்

பண்டிகையை ஆசரித்தல் எளிது. அதனைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தல் அரிது. புத்தாடையும் பலகாரமும் விண்மீன் விளக்கும் கடையிற் கிடைப்பன. அவற்றைக் கண்டு மகிழ எந்தக் குழந்தைக்கும் ஆசிரியர் வேண்டுவதில்லை. ஆனால், அவ்விளக்கு யார்பொருட்டு ஏற்றப்படுகிறது என்பதை நான்கு வயதுச் சிறுமிக்கு விளக்க வேண்டுமாயின், வகுப்பறையிற் பல்லாண்டு பேசிப் பழகியவனும் நாவெழாது நிற்பான். யான் அவ்வாறு நின்றதையும், பின்னர்க் கற்றுக்கொண்டதையும் இம்மலரின் அன்பர்களுக்குச் சொல்லத் துணிகின்றேன்.

2019-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் என் அன்னையார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். தாமிரபரணிக் கரையை அடுத்த எங்கள் ஊரில், சாவு நேர்ந்த வீட்டில் அவ்வாண்டு பண்டிகை இல்லை. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. வாயிலில் விளக்குத் தொங்காது. முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் உறவினர் கொணர்ந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. இது வேதம் விதித்ததன்று. முன்னோர் வழியாய் வந்த வழக்கம். கிறிஸ்தவர்களாகிய நாங்களும் இதனைக் கைவிட்டோமல்லோம். ஆதலின், சித்தப்பா வந்து, "இந்த வருஷம் நட்சத்திரம் கட்டவேண்டாம், தம்பி" என்றபோது யான் மறுமொழி கூறவில்லை. உண்மையில், எனக்கும் அது வேண்டியிருக்கவில்லை.

கார்த்திகை மழை ஓய்ந்திருந்த ஒரு மாலையில் அடுத்த வீட்டார் மூங்கிற் சிம்பும் வண்ணத்தாளும் கொண்டு விண்மீன் செய்து கட்டினர். அதனை நெடுநேரம் நோக்கியிருந்த என் மகள் என்னிடம் வந்து, "நம் வீட்டில் ஏன் இல்லை?" என்றாள். "ஆச்சி இறந்துபோனார்கள் அல்லவா?" என்றேன். அவள் சற்று எண்ணிப் பார்த்து, "ஆச்சி இறந்ததால் இயேசு பிறக்கமாட்டாரா?" என்று கேட்டாள்.

அவ்வினாவிற்கு விடை கூறாமலே அவளை உறங்கச் செய்தேன். எனக்கு உறக்கம் வரவில்லை. இன்று உலகெங்கும் வழங்கும் கிறிஸ்மஸ் வழக்கங்கள் சில எவ்வாறு தோன்றின என்பதை அன்றிரவு நினைத்துப் பார்த்தேன். 1223-ஆம் ஆண்டில் இத்தாலியின் கிரெச்சியோ என்னும் சிற்றூரில் அசிசி நகரத்துப் பிரான்சிஸ் முனிவர் வைக்கோலிட்ட முன்னணையும், உயிருள்ள எருதும் கழுதையும் நிறுத்தி, எழுத்தறியா மக்களும் கண்ணாற் கண்டு உணருமாறு பாலன் பிறப்பைக் காட்டினார். ஜெர்மனி தேசத்து ஹாம்பர்க்கு நகரருகே ஏழைச் சிறுவர்க்கென ஓர் இல்லம் நடத்திய யோகான் ஹின்றிக் விக்கெர்ன் என்பாரை, "பண்டிகைக்கு இன்னும் எத்தனை நாள்?" என்று பிள்ளைகள் ஓயாது வினவினர். அவர் 1839-ஆம் ஆண்டில் ஒரு வண்டிச் சக்கரத்தை எடுத்து, அட்வெந்து ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெண்மெழுகுவர்த்திகளும், மற்றை நாட்களுக்குச் சிறிய செந்நிற மெழுகுவர்த்திகளும் நாட்டி, நாளுக்கு ஒன்றாக ஏற்றிவந்தார். அதுவே இன்று பல ஆலயங்களிற் காணும் அட்வெந்து வளையத்திற்கு மூலம். ஆக, புதிய வழக்கம் என்பது பெரும்பாலும் ஆலோசனைச் சபையிற் பிறப்பதன்று. எதிரே நிற்கும் எளியோர்க்கு எவ்வாறு விடை சொல்வது என்று ஒருவர் தவிக்கும்போது பிறப்பது.

மறுநாள் அட்டாலியில் எதையோ தேடுகையில் அன்னையாரின் பிடியரிசிக் கலயம் கையில் அகப்பட்டது. அதன் அடியிற் காய்ந்த வேப்பிலைகள் சில கிடந்தன. அரிசியில் வண்டு விழாதிருக்க அவர்கள் இட்டு வைத்தவை. சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை அதில் இட்டு, நிறைந்ததும் ஆலயத்திற் காணிக்கையாகப் படைப்பது அவர்கள் வழக்கம். தென்னாட்டிலும் மிசோரம் மலைகளிலும் இவ்வாறு பிடி பிடியாய்ச் சேர்ந்த அரிசியால் ஊழியங்கள் நடந்துள்ளன. பெரும்பாலும் கையிற் காசில்லாத பெண்கள் கொடுத்த காணிக்கை அது.

அதனைக் கண்டதும் எனக்கு வழி புலனாயிற்று. விண்மீன் கட்டாவிடினும் கலயம் வைக்கலாம் அன்றோ? அவ்வாண்டு அட்வெந்து முதல் ஞாயிறு டிசம்பர் 1-ஆம் நாள். அன்றிலிருந்து 24-ஆம் நாள் முடிய இருபத்துநான்கு நாட்கள். நாள்தோறும் நாங்கள் மூவரும் ஆளுக்கொரு பிடி இடுவது, பண்டிகைக்கு முந்தின மாலையில், அடுத்த தெருவில் தனித்து வாழும் மூதாட்டி ஒருவர்க்குக் கொண்டுபோய்க் கொடுப்பது, இவ்வாறு தீர்மானித்தோம். மகளும் மகிழ்ந்து ஒப்பினாள். முதல் நாள் யான் ஒரு சிறு பிரசங்கமும் செய்தேன். அவள் அதில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அரிசியை விரலிடுக்கு வழியே ஒழுகவிட்டு விளையாடிக்கொண்டிருந்தாள்.

ஏழாம் நாள் அவள் கலயத்தை எட்டிப் பார்த்து, "அப்பா, இந்த அரிசியையா நாம் உண்கிறோம்?" என்று கேட்டாள்.

என் முகம் வெளிறியிருக்க வேண்டும். கலயத்திற்கு அருகில் யான் வைத்திருந்தது நியாயவிலைக் கடையில் வாங்கிக் கோழிகளுக்கு இட்டுவந்த அரிசி. அவ்வரிசி இழிந்ததன்று, எத்தனையோ இல்லங்களில் அதுவே உணவு. ஆயின், எங்கள் இல்லத்தில் அஃது உணவன்று. நாங்கள் உண்ணாததை, உண்ணாத காரணத்தாலேயே, தருமத்திற்கு ஒதுக்கிவிட்டேன். அவ்வாறு செய்வதாக எண்ணியும் செய்யவில்லை; எண்ணாமலே கை அம்மூட்டையை நாடிற்று. அதுவே எனக்கு அதிக வெட்கத்தைத் தந்தது.

அன்னையார் செய்ததை அப்பொழுதுதான் நினைவு கூர்ந்தேன். அவர்கள் மூட்டையிலிருந்து பிடியரிசி எடுத்ததில்லை. அன்றைய உலைக்கென அரிசியை அளந்து முறத்தில் இட்டபின், கழுவுவதற்கு முன், அதிலிருந்தே ஒரு பிடியை அள்ளுவார்கள். குறைந்த பிடிக்கு ஈடாக மீண்டும் அளப்பதுமில்லை. அன்று வீட்டில் ஒருவர்க்கு ஒரு கவளம் குறையும். அந்த ஒருவர் பெரும்பாலும் அவர்களே. பிடியரிசியின் பொருள் அரிசியில் இல்லை; அந்த ஒரு கவளத்தில் இருக்கிறது. பானையின் அடியிற் கிடந்த ஒரு பிடி மாவில் தீர்க்கதரிசிக்கு முதல் அடை சுட்டுக் கொடுத்த சாறிபாத்தின் விதவை கதையைப் பலமுறை வாசித்திருந்தும், என் தாயின் அடுப்பங்கரையில் அது நாள்தோறும் நடந்ததை யான் கண்டுணர்ந்ததில்லை.

கலயத்தைக் கவிழ்த்துவிட்டு எட்டாம் நாளாகிய இரண்டாம் ஞாயிறன்று மறுபடியும் தொடங்கினோம். தவறியவற்றை ஈடுசெய்ய ஒரு வாரம் ஆளுக்கு இரு பிடி. முறத்தில் அளந்து வைத்த அரிசியில் மகளே முதலில் கையிட்டாள். அவளிடம் யான் காரணத்தை மறைக்கவில்லை. "அப்பா பிழை செய்துவிட்டேன்" என்று சொன்னேன். அதுகாறும் யான் செய்த பிரசங்கங்கள் அனைத்தினும் அவள் கவனித்துக் கேட்டது அவ்வொரு வாக்கியத்தையே.

24-ஆம் நாள் மாலை அரிசி இரண்டு படிக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. அதனை ஒரு தூக்குச்சட்டியில் இட்டு எடுத்துச் சென்றோம். மூதாட்டியின் வாயிலில் நின்று என் மகள், "ஆச்சி!" என்று உரக்க அழைத்தாள். ஆடி மாதத்திற்குப் பின் அவள் வாயிலிருந்து அச்சொல் யாரையும் அழைக்க எழுந்ததில்லை. என் மனையாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூதாட்டியார் அரிசியை வாங்கித் தம் பானையில் கொட்டிக்கொண்டு, சட்டியைத் திருப்பித் தருமுன் உள்ளே சென்றார். "பாத்திரத்தை வெறுமையாய்க் கொடுக்கலாகாது, தாயே" என்று கூறி, இரண்டு கருப்பட்டி வட்டுகளை அதில் இட்டார். அவர் வீட்டில் வேறு கருப்பட்டி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மறுக்க வாயெடுத்த யான், ஏழாம் நாளை நினைத்து அடங்கினேன். மறுநாள் அக்கருப்பட்டியைத் தட்டிப் போட்ட காப்பியே எங்கள் பண்டிகைப் பலகாரம்.

அதன்பின் ஆண்டுதோறும் கலயம் வைத்து வருகிறோம். 2020-ஆம் ஆண்டு கொள்ளை நோயின்போது சட்டியை வாயிலில் வைத்துவிட்டு விலகி நின்று கையசைத்தோம். மறு ஆண்டு முதல் விண்மீனும் கட்டுகிறோம், ஆயினும் மகள் முதலில் கேட்பது, "கலயத்தைக் கழுவிவிட்டீர்களா?" என்பதே.

இக்கல்லூரியில் பயிலும் மாணவ அன்பர்களே, நாளை நீங்களும் இல்லறம் நடத்துவீர்கள். பிள்ளைகள் வந்து வினா எழுப்புவர். அவர்களுக்கென ஏதேனும் வழக்கம் தொடங்குவீர்களாயின், அது சிறியதாக இருப்பதுபற்றி நாணவேண்டாம். உங்கள் உலைக்கு அளந்த அரிசியிலிருந்து அது எடுக்கப்படுகிறதா என்று மட்டும் பாருங்கள். நீங்கள் பாராவிடினும், பிள்ளைகள் பார்ப்பார்கள்.