தகரத்தில் விழும் சுருக்கம்

புள்ளலூர் என்றதும், வரலாற்று வகுப்பில் தூங்காமல் இருந்தவர்களுக்கு ஒரு சண்டை ஞாபகம் வரும். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துக் கிராமம். 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை இங்கேதான் மடக்கினார்கள். பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்ததோடு கதை முடிந்தது. வெடிக்க வைத்தது மைசூர் ராக்கெட்டா, பீரங்கிக் குண்டா என்று இன்னும் வாதம் நடக்கிறது. அது கிடக்கட்டும். ஐரோப்பாவில் ராக்கெட்டுக்குக் காகித அட்டையில் குழாய் செய்துகொண்டிருந்த காலத்தில், மைசூர்க்காரர்கள் இரும்பில் குழாய் செய்தார்கள். அதனால் உள்ளே அழுத்தம் அதிகம் தாங்கியது, தூரமும் போனது. இரும்பை நினைத்த வடிவத்துக்குக் கொண்டுவருகிறவன் கைதான் ஓங்கும்!

இப்போது அதே பக்கம் போனால் கண்ணில் படுவது கலர் தகரக் கூரைகள். மாட்டுக் கொட்டகை, கல்யாண மண்டபம், கம்பெனி ஷெட், எல்லாம் அதுதான். அந்தத் தகரத்தில் வாய்க்கால் போல ஓடும் பள்ளம் அழகுக்கு இல்லை. வெறும் அரை மில்லிமீட்டர் தகடு மனுஷன் ஏறி நடந்தால் தாங்குவது அந்தப் பள்ளத்தால்தான். ஆழம் பாதியானால் விறைப்பு ஏறக்குறைய கால்வாசியாகிவிடும். ஆக, ஆழம் குறைந்த ஷீட் என்பது வெறும் "ஃபினிஷிங் சரியில்லை" சமாச்சாரம் கிடையாது. ஒழுகும் இடத்தை அடைக்க மேலே ஏறுகிறவரின் உயிர் சமாச்சாரம்.

இதைச் செய்யும் ரோல் ஃபார்மிங் மெஷினில் சூடு கிடையாது. தகட்டுச் சுருள் ஒரு பக்கம் நுழையும். வரிசையாக நிற்கும் ஜோடி உருளைகள் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கும். 1220 மி.மீ. அகலத்தில் நுழைந்த தகடு சுமார் 1070 மி.மீ. ஆகி வெளியே வரும். காணாமல் போன அகலம் பள்ளத்துக்குள் இருக்கிறது.

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளம் ஆழம் வரவில்லை. என்ன செய்வான்? ஸ்பேனரை எடுத்து உருளையை இறுக்குவான். எல்லோரும் முதலில் செய்வது அதுதான். இறுக்கியதும் அந்த இடத்தில் தகடு நசுங்கி நீளும். பக்கத்தில் இருக்கும் தகடு நீளவில்லையே! மிச்ச நீளம் எங்கே போகும்? அலை அலையாகச் சுருங்கி நிற்கும். ஒரு நோய்க்கு மருந்து கொடுத்து இன்னொரு நோயை வாங்கிய கதை.

ஓரத்தில் விழும் அலைக்குக் காரணம் வேறு. தகட்டின் ஓரம் கீழிருந்து மேலே ஏறும்போது, நடுப்பகுதியை விட நீளமான பாதையில் போகிறது. ஒரே உருளையில் அதிகமாக மடக்கினால் ஓரம் நிரந்தரமாக நீண்டுவிடும். பிறகு பழைய நீளத்துக்குத் திரும்பாது, நெளியும். இதற்கு இறுக்குவது வைத்தியமே இல்லை. மடக்கும் கோணத்தைக் கூடுதல் உருளைகளுக்குப் பங்கு போட வேண்டும்.

ஆழம் குறைவதற்கும் பல காரணம். தகடு கெட்டி ரகமாக இருந்தால், உருளையை விட்டு வெளியே வந்ததும் ஸ்பிரிங் மாதிரி கொஞ்சம் திரும்பிக்கொள்ளும். கூரைக்கு வரும் 550 ரகத்தில் இது ரொம்பவே தெரியும். அதற்கு வேண்டியதை விடக் கொஞ்சம் கூடுதலாக மடக்கி விடுவார்கள். இன்னொன்று, எல்லாப் பள்ளத்தையும் ஒரே நேரத்தில் போட முயற்சிப்பது. பள்ளத்துக்குத் தேவையான தகடு இரண்டு பக்கமிருந்தும் உள்ளே நகர்ந்து வர வேண்டும். அதனால்தான் நடுப் பள்ளத்தை முதலில் போட்டு, பிறகு வெளிப்பக்கம் போவார்கள். ஓரப் பள்ளம் முதலில் மாட்டிக்கொண்டால் நடுவுக்குத் தகடு வராது. அது இழுபட்டு மெலியும், இல்லையென்றால் ஆழமே வராது. புடவைக்குக் கொசுவம் வைத்தவர்களுக்கு இது புரியும் :-)

பழகியவர்கள் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் மைக்ரோமீட்டரை எடுப்பார்கள். தகட்டின் நடுவிலும் இரண்டு ஓரத்திலும் கனம் பார்ப்பார்கள். சுருளே நெளிந்து வந்திருந்தால் மெஷினைத் திட்டி என்ன பயன்? அடுத்து ஓட்டத்தைப் பாதியில் நிறுத்தி, தகடு உள்ளே இருக்கும்போதே உருளை உருளையாகப் பார்த்துக்கொண்டு போவார்கள். சுருக்கம் முதலில் தெரிகிற இடத்துக்கு முந்திய உருளைதான் பெரும்பாலும் குற்றவாளி. இடைவெளியை அளக்க ஃபீலர் கேஜ் நுழையாத இடத்தில் சால்டர் கம்பியைச் செலுத்தி, நசுங்கியதை அளப்பார்கள். மலிவான வழி, ஆனால் பொய் சொல்லாது.

எல்லாம் சரியாக இருந்தும் சுருங்குகிறதா? அப்போது இரண்டு உருளைகளின் வேகத்தைப் பார்க்க வேண்டும். முன்னால் இருப்பது இழுப்பதைவிடப் பின்னால் இருப்பது வேகமாகத் தள்ளினால், நடுவில் தகடு புடைத்துக்கொள்ளும். அதனால் போகப் போக உருளை விட்டத்தைக் கொஞ்சமாகக் கூட்டுவது வழக்கம். ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாத அளவு! தேய்ந்த உருளையைக் கடைசல் பிடித்தவர் இதை மறந்து எல்லாவற்றையும் ஒரே அளவாக்கிவிட்டால், அந்தப் பையன் நாள் முழுக்க ஸ்பேனரோடு நிற்பான். கீழே வீணான ஷீட் குவிந்துகொண்டே போகும்.